திகில் வந்த வழி – 7: கம்பியின் மறுமுனை

சென்ற வாரம் பாரிஸில், ஷாப்தால் தெருவை ஒட்டிய முட்டுச்சந்தின் கோடியில் நின்றோம். ஒரு காலத்தில் ஜெபம் நடந்த சிற்றாலயத்தை 1897-இல் ஒஸ்கார் மெத்தனியே நாடகக் கொட்டகையாக்கி, 'க்ராண்ட் கின்யோல்' என்று பெயரிட்டதைப் பார்த்தோம். முந்நூறு பேர்கூட உட்கார முடியாத இடம். மேலே பழைய தேவதூதர் சிலைகள் இரண்டும் அப்படியே இருக்க, கீழே மேடையில் கழுத்தறுப்பும் கண்பிடுங்கலும் நடந்தன. மெத்தனியேவுக்குப் பிறகு பொறுப்பேற்ற மாக்ஸ் மோரே வியாபாரம் தெரிந்தவர். எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள் என்பதை வைத்துத்தான் நாடகத்துக்கு மதிப்பெண் போடுவாராம். கொட்டகைக்கென்று ஒரு மருத்துவரையும் அமர்த்தினார். ஒருநாள் மயங்கிய ரசிகருக்காக அந்த மருத்துவரைத் தேடினால், அவரே மயங்கிக் கிடந்தார் என்று ஒரு கதை உண்டு. விளம்பரத்துக்காகக் கட்டிவிட்டது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நல்ல கதை.

இந்த வாரம் சொல்லப்போகும் நாடகத்தில் மேடையில் ஒரு சொட்டு ரத்தமும் இல்லை. கத்தி இல்லை, பிணம் இல்லை. ஒரு மனிதன் சுவரோரம் நின்று தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். க்ராண்ட் கின்யோல் ஊற்றிய வாளி வாளியான ரத்தத்தைவிட இந்த ஒரு காட்சி நீண்ட ஆயுள் பெற்றது. அதன் பேரப்பிள்ளைகளை நாம் இன்றும் ஓடிடியில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எழுதியவர் ஆந்த்ரே த லோர்த், 1869-இல் பிறந்தவர். பாரிஸ்காரர்கள் அவரை 'அச்சத்தின் இளவரசர்' என்றார்கள். பிழைப்புக்கு அவர் செய்தது நூலக உத்தியோகம். நூற்றுக்கும் மேற்பட்ட திகில் நாடகங்கள் எழுதினார். அறிவுத்திறன் சோதனையை உருவாக்கிய உளவியலாளர் ஆல்ஃப்ரெட் பினேவே இவரோடு சேர்ந்து நாடகம் எழுதியிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் தயாரித்த அதே ஆண்டுகளில், பைத்தியத்தையும் வெறியையும் மேடைக்கு எப்படிக் கொண்டுவருவது என்றும் அந்த விஞ்ஞானி யோசித்துக்கொண்டிருந்தார்.

த லோர்த்தின் தகப்பனார் மருத்துவர். சிறுவனாக இருந்தபோது, அப்பா நோயாளிகளைப் பார்க்கும் அறைக்கு வெளியே நின்று, உள்ளிருந்து வரும் முனகலையும் அலறலையும் ஒட்டுக்கேட்பாராம் இவர். கதவு சாத்தியிருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பது பையனின் கற்பனைக்கு விட்ட விஷயம். ஓர் எழுத்தாளரின் தொழிலை அவருடைய பால்யத்தைக் கொண்டு விளக்குவது எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. ஆனால் இந்தக் கதவை மட்டும் மறக்க முடியவில்லை. காரணம் நாடகத்திலேயே இருக்கிறது.

ஷார்ல் ஃபோலேயோடு சேர்ந்து அவர் எழுதிய 'தொலைபேசியில்' 1901-இல் அரங்கேறியது. அரங்கேறிய இடம் க்ராண்ட் கின்யோல் அல்ல, ஆந்த்ரே அந்த்துவானின் தியேட்டர். எரிவாயு நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்து நாடகத்துக்கு வந்த அந்த்துவான், மேடையில் எல்லாம் நிஜமாக இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். கசாப்புக்கடைக் காட்சி என்றால் உண்மையான இறைச்சியைத் தொங்கவிட்ட ஆள். அவருடைய அரங்கில் ஒரு தொலைபேசிக்கு வந்த மரியாதை வேறெங்கும் வந்திருக்காது.

நாடகம் இரண்டே அங்கம். முதல் அங்கத்தில் ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு வீடு. மாரெக்ஸ் என்ற கனவான் மனைவியையும் குழந்தையையும் அங்கே விட்டுவிட்டு ஒரு வேலையாகக் கிளம்புகிறான். துணைக்கு இருக்கவேண்டிய வேலைக்காரனையும் ஒரு பொய்ச்செய்தி வெளியே இழுத்துவிடுகிறது. இருட்டுகிறது. பயப்பட எதுவுமில்லை, அதுதான் வீட்டில் தொலைபேசி இருக்கிறதே என்பது கணவன் மனைவி இருவருக்குமே தைரியம்.

இரண்டாவது அங்கம் பாரிஸில், நண்பர் வீட்டில். விளக்கு வெளிச்சம், சாப்பாடு முடிந்த களிப்பு, பேச்சு. தொலைபேசி ஒலிக்கிறது. மனைவி பேசுகிறாள். வெளியே ஏதோ சத்தம் கேட்கிறதாம். மாரெக்ஸ் சிரித்து ஆறுதல் சொல்கிறான். கொஞ்சம் கழித்து மறுபடியும் அழைப்பு. இப்போது அவன் சிரிப்பு நிற்கிறது. கதவு உடைவது அவனுக்குக் கேட்கிறது. யாரோ உள்ளே வந்துவிட்டது கேட்கிறது. மனைவியும் குழந்தையும் கொல்லப்படுவதைக் கடைசி மூச்சுவரை அவன் காதால் கேட்கிறான். திரை விழுகிறது.

சபையிலிருப்பவர்களுக்கு இதில் ஒன்றுமே கேட்பதில்லை. தொலைபேசியின் மறுமுனைக் குரலை மேடையில் ஒலிக்கவிடவில்லை. அவர்களுக்குக் கிடைப்பது அவன் முகமும், அவன் திருப்பிக் கேட்கும் அரைகுறை வார்த்தைகளும்தான். அப்படியானால் முதல் அங்கம் எதற்கு? அந்த வீட்டை நம் கண்ணில் பதித்துவைக்க. கதவு எங்கே, சன்னல் எங்கே, குழந்தை எங்கே தூங்குகிறது என்று தெரிந்துவிட்டால் போதும். இரண்டாவது அங்கத்தில் அவன் முகம் கோணும்போதெல்லாம் கொலையை நாமே நடத்திப் பார்த்துக்கொள்வோம். த லோர்த் கொலைகாரனின் வேலையை ரசிகனிடம் ஒப்படைத்துவிட்டார்.

அது மட்டுமில்லை. நாடகக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவன் யார்? அக்கிரமம் நடப்பது அவனுக்குத் தெரிகிறது, கேட்கிறது, எழுந்து போய்த் தடுக்க முடியாது. மாரெக்ஸின் கதியும் அதுதான். ரசிகனையே மேடையில் ஏற்றி, கையில் ஒரு கருவியைக் கொடுத்து நிற்கவைத்தால் எப்படியிருக்கும் என்பதுதான் இந்த நாடகம். இதை முதலில் படித்தபோது, கிரேக்க நாடகத்தில் மேடைக்குப் பின்னாலிருந்து வரும் மரண ஓலம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் கொலை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அங்கே ஓலத்தைக் கேட்பது ஊர். இங்கே கேட்பது ஒரே ஒரு காது.

பாரிஸ்காரர்களுக்குத் தொலைபேசி வழியாக நாடகம் கேட்பது புதிதல்ல என்பது இந்தக் கதையின் இன்னொரு ருசி. 1881-இல் அங்கே நடந்த மின்சாரக் கண்காட்சியில், க்ளெமான் ஆதேர் என்ற பொறியாளர் ஒபரா மேடையோரம் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்துக் கம்பி இழுத்தார். கண்காட்சிக்கு வந்தவர்கள் இரண்டு காதிலும் ஒவ்வொரு குழலை வைத்துக்கொண்டு, எங்கோ நடக்கும் பாட்டைக் கேட்டார்கள். 1890-இல் அது 'தியேத்ரோஃபோன்' என்ற வியாபாரமானது. ஹோட்டல்களிலும் காஃபிக் கடைகளிலும் காசு போட்டால் ஐந்து நிமிடம் நாடகம் கேட்கலாம். வசதியுள்ளவர்கள் வீட்டுக்கே இணைப்பு வாங்கினார்கள். எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்த் 1911-இல் சந்தா கட்டினார். தூரத்தில் நடப்பதைச் சாய்வு நாற்காலியில் சாய்ந்து காதால் அனுபவிக்கும் பழக்கம் ஏற்கெனவே அந்த ஊரில் இருந்தது. அந்தச் சொகுசுக்குள்தான் த லோர்த் விஷம் வைத்தார்.

இனி அட்லாண்டிக் கடலைத் தாண்டவேண்டும். நடுவில் பிரான்சின் பாதே திரைப்படக் கம்பெனி இதே கருவை வைத்துப் படம் எடுத்துவிட்டது. 1908-இல் வந்த ஒரு பாதே படத்தில் பொய்ச்செய்தியால் இழுக்கப்படுபவர் ஒரு மருத்துவர். அதில் கொலை நடப்பதில்லை. அவர் நேரத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறார். இந்த வண்டியில்தான் அமெரிக்க இயக்குநர் க்ரிஃபித் ஏறினார்.

டி. டபிள்யூ. க்ரிஃபித்தின் 'த லோன்லி வில்லா' 1909 ஜூன் மாதம் வெளிவந்தது. பயோகிராஃப் கம்பெனியின் படம். பெண் குழந்தைகளில் ஒருத்தியாக நடித்தது பிற்பாடு உலகப்புகழ் பெற்ற மேரி பிக்ஃபோர்ட். வீட்டுத்தலைவர் காரில் கிளம்புகிறார், வழியில் கார் நின்றுவிடுகிறது. ஒரு விடுதியிலிருந்து வீட்டுக்கு அழைக்கிறார். திருடர்கள் கதவை உடைத்துக்கொண்டிருப்பதாக மனைவி கதறுகிறாள். என்ன செய்யவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கம்பி அறுக்கப்படுகிறது. பிறகு நாடோடிகளின் குதிரைவண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு பறக்கிறார்.

இது பேசாத படம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். த லோர்த்தின் நாடகம் முழுக்க முழுக்கக் காதின் விவகாரம். அதைச் சத்தமே இல்லாத திரைக்கு எப்படிக் கொண்டுவருவது? க்ரிஃபித் கேட்பதைப் பார்ப்பதாக மாற்றினார். கணவன், மனைவி, திருடர்கள். மறுபடியும் மனைவி, மறுபடியும் கணவன் என்று கத்தரித்துக் கத்தரித்து ஒட்டினார். சுமார் பன்னிரண்டு நிமிடப் படத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஷாட்கள். அந்தக் காலத்துக்கு அது மூச்சுமுட்டும் வேகம். க்ரிஃபித்துக்கு முன்பே இந்த உத்தி எட்டிப்பார்த்திருக்கிறது. ஆனாலும் திகிலின் நாடித்துடிப்பைக் கத்தரிக்கோலால் கூட்டலாம் குறைக்கலாம் என்று தொழிலுக்கே கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இன்று க்ளைமாக்ஸில் ஹீரோவின் பைக்கையும் கட்டிப்போட்ட தங்கையையும் மாற்றி மாற்றிக் காட்டும் ஒவ்வொரு இயக்குநரும் அந்தக் குதிரைவண்டிக்குக் கடன்பட்டவர்.

கிடைத்தது இது. போனது என்ன? க்ரிஃபித்தின் கணவன் வந்து சேர்ந்துவிடுகிறான். கதவு உடையும் கடைசி நொடியில் குடும்பம் தப்புகிறது. நம் பயத்துக்கு அவர் ஒரு கடைசித்தேதி வைத்துவிட்டார், அந்தத் தேதிக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. பாரிஸ் மேடையில் மாரெக்ஸுக்கு ஓடுவதற்கு வண்டியில்லை, ஓடினாலும் பயனில்லை. என்னைக் கேட்டால் பயத்தில் பாரிஸ்தான் உசத்தி, தொழில்நுட்பத்தில் அமெரிக்கா. ருஷ்யாக்காரர்கள் இந்த விஷயத்தில் பாரிஸ் பக்கம் நின்றார்கள். 1914-இல் யாகவ் புரோத்தஸானவ் இதே கதையைப் படமாக்கியபோது, அடித்துப்பிடித்து வீடு வரும் கணவன் மனைவியின் பிணத்தைத்தான் பார்க்கிறான். அந்நாளைய ருஷ்ய ரசிகர்களுக்குச் சோக முடிவு இல்லையென்றால் படம் முடிந்ததாகவே தோன்றாது.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. மனைவி என்பவள் கருவியைக் கையில் பிடித்துக் கதறுவதற்கு மட்டுமே வருகிறாள். இதைக் கொஞ்சம் திருத்தியவர் ஒரு பெண் இயக்குநர். லோயிஸ் வெபர், கணவர் ஃபிலிப்ஸ் ஸ்மாலியுடன் சேர்ந்து 1913-இல் எடுத்த பத்து நிமிடப் படத்தின் பெயரே 'சஸ்பென்ஸ்'. மனைவியாக நடித்ததும் அவரே. வேலைக்காரி சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போகிறாள், சாவியை வாசல் மிதியடிக்கு அடியில் வைத்துவிட்டு. ஒரு நாடோடி வீட்டைச் சுற்றி வருகிறான். மேல்மாடியில் கைக்குழந்தையோடு இருக்கும் மனைவி கணவனை அழைக்கிறாள்.

அப்போது திரை மூன்றாகப் பிரிகிறது. நடுவில் ஒரு முக்கோணம். அதற்குள் அலுவலகத்தில் தொலைபேசியோடு கணவன். ஒரு மூலையில் மனைவி, இன்னொரு மூலையில் அந்த நாடோடி. க்ரிஃபித் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியதை வெபர் ஒரே நேரத்தில் காட்டிவிட்டார். மறுமுனையில் நடப்பதைக் கணவன் காதால் மட்டும் அறியும் அந்தக் கணத்தில், மூவரும் ஒரே சட்டத்துக்குள் நம் கண்முன் இருக்கிறார்கள். இன்னொரு ஷாட்டும் உண்டு. மேல்மாடிச் சன்னலிலிருந்து மனைவி கீழே எட்டிப்பார்க்கிறாள். அவள் கண் இருக்கும் இடத்தில் கேமரா இருக்கிறது. நாடோடி சட்டென்று தலையை நிமிர்த்தி நேராக நம்மைப் பார்க்கிறான். நூறு ஆண்டு கழிந்தும் அந்தப் பார்வை முதுகுத்தண்டில் ஊர்கிறது. படத்தை யூடியூபில் தேடினால் கிடைக்கும். இரவில் பார்க்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன், இரவில்தான் பாருங்கள்.

மற்றபடி அதுவும் கணவன் வந்து காப்பாற்றும் கதைதான். அவன் ஒரு காரைத் திருடிக்கொண்டு பறக்கிறான், கார் சொந்தக்காரரும் போலீசும் பின்னால் துரத்துகிறார்கள். பக்கக் கண்ணாடியில் துரத்தும் வண்டி தெரியும் ஷாட் ஒன்று இருக்கிறது, கெட்டிக்காரத்தனமானது.

பிறகு பேசும்படம் வந்தது. அதன் பின்னும் இந்தக் கதை அதன் பிறந்த வீடான காதுக்குத் திரும்பியது வானொலியில்தான். 1943 மே மாதம் 25-ஆம் தேதி, அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில், 'சஸ்பென்ஸ்' என்றே பெயரிட்ட நிகழ்ச்சியில், லூசில் ஃப்ளெட்சர் எழுதிய 'சாரி, ராங் நம்பர்' ஒலிபரப்பானது. படுக்கையோடு படுக்கையாக இருக்கும் ஒரு பணக்காரப் பெண், கம்பிகள் கலந்துவிட்டதால் முன்பின் தெரியாத இருவர் பேசுவதைக் கேட்டுவிடுகிறாள். அன்றிரவு பதினொன்றேகால் மணிக்கு ஒரு பெண்ணைக் கொல்லப்போகிறார்கள். போலீசுக்குச் சொல்கிறாள், ஆபரேட்டரிடம் சண்டை போடுகிறாள், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கொல்லப்படப்போவது தான்தான் என்று மெல்ல மெல்ல அவளுக்கு உறைக்கிறது. அரை மணி நேரம், பெரும்பாலும் ஆக்னெஸ் மூர்ஹெட்டின் குரல் மட்டும். முதல் ஒலிபரப்பின் உச்சகட்டத்தில் ஒரு நடிகர் தன் முறையைத் தவறவிட, முடிவு என்னவென்று புரியாமல் கேட்டவர்கள் குழம்பிப்போனார்கள். அந்த ஆண்டே மறுபடியும் நடத்தினார்கள். அதன்பின் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நடத்தவேண்டியிருந்தது.

ஃப்ளெட்சர் செய்த திருப்பம் பெரியது. மாரெக்ஸின் காதை அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டார். இதில் கொலையைத் தொலைவிலிருந்து கேட்பவளே கொலையாகிறாள். இன்னொன்றையும் அவர் மாற்றினார். ஆளை ஏவியவன் யார் என்று பார்த்தால், கணவன்! முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குதிரைவண்டியிலும் திருட்டுக் காரிலும் ஓடிவந்து காப்பாற்றிக்கொண்டிருந்த அதே மனிதன்.

1948-இல் அனத்தோல் லித்வாக் இதைப் படமாக்கினார். பார்பரா ஸ்டான்விக்கும் பர்ட் லங்காஸ்டரும் நடித்தார்கள். வானொலியின் இறுக்கம் படத்தில் இல்லை. ஃப்ளாஷ்பேக்குக்குள் ஃப்ளாஷ்பேக் என்று இழுத்தடிக்கிறது. ஆனால் முடிவில் லித்வாக் படத்துக்கென்று ஒரு காட்சி இருக்கிறது. மனம் மாறிய கணவன் பொதுத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்கு அழைத்து, எழுந்து சன்னலுக்குப் போய்க் கத்து என்று மனைவியிடம் கெஞ்சுகிறான். அவளால் எழ முடியவில்லை. கொலைகாரன் மாடிப்படி ஏறி வந்துவிட்டான். மாரெக்ஸ் நின்ற அதே இடத்தில் இப்போது நிற்பவன், கொலைக்குப் பணம் பேசியவன்.

இங்கிருந்து ஃப்ரெடரிக் நாட்டின் 'டயல் எம் ஃபார் மர்டர்' ஓர் எட்டுத் தூரம்தான். 1952-இல் முதலில் பிபிசி தொலைக்காட்சியில் வந்து, அதே ஆண்டு லண்டன் மேடைக்கும் நியூயார்க் மேடைக்கும் போன நாடகம். இதிலும் கணவன் வெளியே விருந்தில் இருக்கிறான், வீட்டில் மனைவி தனியாக இருக்கிறாள், அவன் வீட்டுக்கு அழைக்கிறான். அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பி, திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கூலிக்கொலையாளியின் கைக்கு எட்டும் தூரத்துக்குக் கொண்டுவருவதற்கான அழைப்பு அது. மறுமுனையில் நடக்கும் போராட்டத்தை அவன் பேசாமல் நின்று கேட்கிறான். அரை நூற்றாண்டுக்கு முன் மாரெக்ஸைப் பைத்தியமாக்கிய அதே சத்தத்தை இவன் வேலை முடிந்ததா என்று சரிபார்க்கக் கேட்கிறான்.

1954-இல் வந்த படத்தில் ஹிட்ச்காக் செய்த குறும்பு இதுதான்: கணவனின் கைக்கடிகாரம் நின்றுபோய்விடுகிறது. அழைக்கவேண்டிய நேரம் கடந்துவிட்டது, அங்கே கொலையாளி பொறுமையிழந்து கிளம்பப் பார்க்கிறான், இங்கே தொலைபேசிக் கூண்டில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். சீக்கிரம் முடித்துத் தொலையுங்களேன் என்று நமக்குத் தவிப்பு. யோசித்துப் பார்த்தால் அந்தத் தவிப்பு ஒரு கொலை தடைபடாமல் நடக்கவேண்டும் என்பதற்காக. எண்ணைச் சுழற்றும் விரலை அருகில் காட்ட, ராட்சச அளவில் ஒரு டயலும் அதற்கேற்ற ஒரு மரவிரலும் செய்யவைத்தார் ஹிட்ச்காக். இதன் தமிழ் வாரிசு 1985-இல் சத்யராஜ் நடித்து வந்த 'சாவி'. பார்த்தவர்களுக்குத் தெரியும், கதையின் கடைசி முடிச்சு வாசற்சாவியில்தான் அவிழும்.

ஹிட்ச்காக் படத்தை முப்பரிமாணத்தில் எடுத்தார். அந்த உத்தியை மிகச் சிக்கனமாகத்தான் பயன்படுத்தினார். கழுத்து நெரிபடும் கிரேஸ் கெல்லி, மேசைமேல் குப்புறச் சரிந்த கொலையாளியின் பிடியில் மல்லாந்து கிடந்தபடி, கத்தரிக்கோலைத் தேடிக் கையை முன்னால் நீட்டுகிறார். முப்பரிமாணக் கண்ணாடி போட்டவருக்கு அந்தக் கை திரையைவிட்டு வெளியே வந்து தன்னை நோக்கித் துழாவுகிறது. த லோர்த் கொட்டகைக்குள் கொண்டுவந்த அதே ரசிகனிடம், எதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பவனிடம், அது உதவி கேட்கிறது. ஆனால் படம் வெளிவருவதற்குள் முப்பரிமாண மோகம் வடிந்துவிட்டதால், பெரும்பாலான ஊர்களில் தட்டைத் திரையில்தான் ஓட்டினார்கள்.

க்ராண்ட் கின்யோல் 1962-இல் மூடப்பட்டது. அதன் கடைசி நாட்களையும், மேடையில் ஆயிரக்கணக்கான முறை கொலைசெய்யப்பட்ட நடிகை மாக்ஸாவையும் அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)